வல்லான் வகுத்த அட்டவணை: நீளும் சுற்றுப்போட்டிகளும் வன்னியின் சிறிய அணிகளும்

விளையாட்டு என்பது சமூக வாழ்விலிருந்து விலகி நிற்கும் ஒரு தூய புலம் என்றும், அங்கே உடல் வலிமையும் திறமையும் பயிற்சியும் அன்றி வேறெதுவும் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பதில்லை என்றும் கருதும் மனப்பாங்கு கல்விச் சூழலில் இன்னும் வேரோடியிருக்கின்றது. மைதானத்தின் கோடுகள் இரு அணியினருக்கும் சமமாகவே வரையப்பட்டுள்ளன; கூடைப்பந்தின் வளையம் இரு பக்கத்திலும் தரையிலிருந்து பத்து அடி உயரத்திலேயே உள்ளது; மத்தியஸ்தரின் ஊதுகுழல் இருவருக்கும் பொதுவானது; ஆகவே ஆட்டம் நியாயமானது என்பர். இக்கூற்றில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. ஆனால் ஆட்டம் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, யார் யாருடன், எங்கே, எத்தனை முறை, எவர் செலவில் ஆடுவது என்பது ஒரு மேசையைச் சுற்றியிருந்து தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. அந்த மேசையில் எல்லோருக்கும் ஆசனம் இல்லை. 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்னும் பழமொழிக்கு விளையாட்டுலகில் உதாரணம் தேடுவோர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. போட்டி அட்டவணையை விரித்துப் பார்த்தாலே போதுமானது.

சுற்றுப்போட்டிகளின் காலத்தை நீட்டுதல், ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுதல், பலம் வாய்ந்த அணிகள் தம்முள் இருமுறை மும்முறை சந்திக்க வழிசெய்தல் ஆகிய யோசனைகள் முன்வைக்கப்படும் போதெல்லாம் அவை வளர்ச்சியின் பெயராலேயே முன்வைக்கப்படுகின்றன. 'ஆட்டம் கூடினால் வாய்ப்புக் கூடும்' என்பதே அவற்றின் தாரக மந்திரம். இம்மந்திரம் பொய்யானது. ஆண்டொன்றுக்கு நாட்கள் 365 மாத்திரமே. அவற்றுள் பரீட்சைக்கும் விரிவுரைக்கும் மழைக்கும் போக எஞ்சும் நாட்கள் மிகச் சில. அச்சில நாட்களைப் பெரியவர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும்போது புதிய வாய்ப்பு எதுவும் பிறப்பதில்லை. ஏற்கெனவே இருந்த வாய்ப்பு ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குப் பெயர்க்கப்படுகின்றது. எவரிடமிருந்து பெயர்க்கப்படுகின்றது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருவது, செல்வமும் புள்ளிவிபரமும் ஒருங்கே மலிந்த ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிக் கூடைப்பந்தாட்டமாகும். 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர், மாணவரை உள்ளரங்கிலேயே ஈடுபடுத்துவதற்காக இரண்டு பழக் கூடைகளை உயரத்திற் பொருத்தி வகுத்த எளிய ஆட்டம் அது. இன்று அந்நாட்டின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தினது முதலாம் பிரிவில் 350க்கு மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் அதனை ஆடுகின்றன. இவை முப்பதுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகளாகப் பிரிந்துள்ளன. ஒவ்வொரு கல்லூரியும் தன் கூட்டமைப்பைச் சேர்ந்த கல்லூரிகளுடன் குறித்த எண்ணிக்கையான ஆட்டங்களை ஆடும்; எஞ்சிய நாட்களில் வெளியாருடன் ஆடும். பெரிய கல்லூரியும் சிறிய கல்லூரியும் நேருக்கு நேர் சந்திப்பது பெரும்பாலும் இந்த வெளிப்போட்டிகளிலேயே ஆகும்.

இங்கேதான் அட்டவணை தன் வேலையைத் தொடங்குகின்றது. 14 பெரும் பல்கலைக்கழகங்களைக் கொண்டிருந்த 'பிக் டென்' கூட்டமைப்பு, 2018-19 பருவத்திலிருந்து தன் ஆண்கள் அணிகளுக்கிடையிலான ஆட்டங்களை 18இலிருந்து 20ஆக உயர்த்தியது. மறு ஆண்டு, கூடைப்பந்தாட்டத்தில் 15 உறுப்பினரைக் கொண்டிருந்த அத்லாந்திக் கரையோரக் கூட்டமைப்பும் அவ்வாறே செய்தது. இரண்டு ஆட்டங்கள்தாமே என்று எளிதாகக் கருதலாம். ஆனால் ஓர் அணி பருவமொன்றில் ஆடக்கூடிய ஆட்டங்களுக்கு அக்காலத்தில் 31 என்ற மேல்வரம்பு இருந்தது. ஆகவே உள்ளே இரண்டு கூடினால் வெளியே இரண்டு குறைந்தே ஆகவேண்டும். முதற் கூட்டமைப்பில் 28, இரண்டாவதில் 30 என, இரு தீர்மானங்களால் மாத்திரம் ஆண்டொன்றுக்கு 58 வெளிப்போட்டி இடங்கள் மறைந்தன. அவை யாவும் சிறிய கல்லூரிகளுக்கே கிடைத்திருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் பெரிய அணியொன்று வெளிப்போட்டிகளைக் குறைக்கும்போது, தன்னையொத்த பெரிய அணியுடனான ஆட்டத்தையா முதலில் கைவிடும்? தொலைக்காட்சி விரும்புவது அதனையன்றோ!

சிறிய கல்லூரிக்கு இந்த இழப்பு இருவகையில் நேருகின்றது. முதலாவது பணம். பெரிய பல்கலைக்கழகம் தன் அரங்குக்குச் சிறிய அணியொன்றை வரவழைத்து ஆடுவதற்குப் பல்லாயிரம் டொலர் கொடுப்பது அந்நாட்டு வழக்கம். வருவோர் தோற்பர் என்பதே எதிர்பார்ப்பு. எனவே நடைமுறையில் அது தோற்பதற்குக் கொடுக்கப்படும் கூலியே ஆகும். அக்கூலியைக் கொண்டே பல சிறிய கல்லூரிகள் தமது ஏனைய விளையாட்டுகளையும் நடத்திவருகின்றன. தோல்வியை விற்றுப் பிழைக்கும் நிலைக்குச் சிறியோரை ஆளாக்கியது ஓர் அநீதி. பின்னர் அந்த விற்பனைக்குரிய சந்தையையும் சுருக்கியது அதனிலும் பெரிய அநீதி.

இரண்டாவது இழப்பு பணத்தினும் மேலானது. அது தன்னை நிரூபிக்கும் உரிமை. 2019 நவம்பர் 12ஆம் நாள், இந்தியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் என்னும் சிறிய பல்கலைக்கழகம், அவ்வேளை நாட்டின் முதலிடத்தில் தரப்படுத்தப்பட்டிருந்த கென்டக்கியை அதன் சொந்த அரங்கிலேயே 67-64 என வென்றது. இரண்டு வாரங்கள் கழித்து, நவம்பர் 26இல், டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்டீபன் எஃப். ஒஸ்ரின் பல்கலைக்கழகம், அப்போது முதலிடத்திலிருந்த டியூக்கை அதன் அரங்கில் மேலதிக நேர ஆட்டத்தில் 85-83 என வீழ்த்தியது. இரண்டும் பணம் கொடுத்து அழைக்கப்பட்ட அணிகள். தோற்பதற்கென வரவழைக்கப்பட்டவர்கள் வென்று சென்றார்கள். அட்டவணையில் அந்த நாள் இல்லாதிருந்தால் அவர்களது திறமையை உலகு அறிந்திருக்காது. அவர்களே அறிந்திருப்பார்களோ என்பதும் ஐயத்துக்குரியது.

தேசியச் சுற்றுப்போட்டி 1939இல் 8 அணிகளுடன் தொடங்கி, 1985இல் 64ஆகவும் 2011இல் 68ஆகவும் விரிந்தது. ஒவ்வொரு கூட்டமைப்பின் வெற்றியாளரும் நேரடியாக இடம்பெறுவர். எஞ்சிய இடங்களுக்கு ஒரு குழு அணிகளைத் தெரிவுசெய்யும். அக்குழு கேட்கும் முதற் கேள்வி 'யாரை வென்றீர்கள்?' என்பதாகும். சிறிய கூட்டமைப்பைச் சேர்ந்த அணி இக்கேள்விக்கு விடையளிக்க வேண்டுமாயின் வெளிப்போட்டிகளிலே பெரியோரைச் சந்தித்திருத்தல் வேண்டும். 2016இல் நியூ ஜேர்சியின் மொன்மத் பல்கலைக்கழகம் 27 வெற்றிகளும் 7 தோல்விகளும் பெற்றிருந்தது. அவ்வெற்றிகளுள் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தையும் நோட்டர் டேமையும் வென்ற ஆட்டங்களும் அடங்கும். அப்படியிருந்தும் அதற்கு இடம் மறுக்கப்பட்டது. பெரியோரை வென்ற சிறியோருக்கே கதவு இவ்வளவு இறுக்கமாக இருக்குமெனில், பெரியோரைச் சந்திக்கவே இயலாத சிறியோரின் நிலையை விளக்க வேண்டியதில்லை. முதலில் சந்திக்க மறுப்பது. பின்னர் 'நீங்கள் எவரையும் சந்திக்கவில்லையே' என்று தள்ளிவைப்பது. இதுவே நீளும் அட்டவணையின் தருக்கம்.

இன்னொன்றும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அதே அத்லாந்திக் கரையோரக் கூட்டமைப்பு 2025-26 பருவத்தில் 20 ஆட்டங்களைக் கைவிட்டு மீண்டும் 18க்குத் திரும்பியது. சிறியோர் மீது பிறந்த இரக்கம் அதற்குக் காரணமன்று. தன் அணிகள் வெளிப்போட்டிகளைத் தம் நலனுக்கேற்பத் தெரிவுசெய்யும் வசதியே அதன் நோக்கம். ஆனால் அம்மாற்றம் ஓர் உண்மையை அம்பலப்படுத்துகின்றது. அட்டவணை இயற்கையின் விதியன்று, கோள்களின் சுழற்சியுமன்று. மனிதர் கூட்டியதை மனிதர் குறைக்கலாம். கூட்டும்போதும் குறைக்கும்போதும் எவர் நலன் கணக்கில் எடுக்கப்பட்டது என்பதே வேறுபாடு.

இந்த அமெரிக்கக் கதைக்கும் கிளிநொச்சிக்கும் என்ன தொடர்பு என வினவுவோர் இருக்கலாம். அங்கு புரளும் டொலர் இங்கில்லை. தொலைக்காட்சி ஒப்பந்தமும் இல்லை. கூடைப்பந்தாட்டமே வன்னியில் பரவலான ஆட்டமன்று. கரப்பந்தாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒரு பந்தும் ஒரு வெளியும் இருந்தாற் போதும். கூடைப்பந்தாட்டத்துக்கோ செம்மையான கடினத் தளமும் பலகைகளும் வேண்டும். ஆயினும், அட்டவணையின் நீளம் சிறியோரைத் தாக்கும் முறை எந்த ஆட்டத்திலும் ஒன்றே. செல்வம் மிகுந்த நாட்டிலே விமானப் பயணமும் உதவித்தொகையும் உள்ள சிறிய கல்லூரியையே அது நசுக்குமெனில், வாடகை பஸ் வண்டிக்குப் பணம் சேர்க்க அல்லற்படும் வன்னிப் பாடசாலையை அது என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

வன்னியின் சிறுமை திறமையின் சிறுமையன்று. அது வரலாறும் புவியியலும் சேர்ந்து விதித்த எண்ணிக்கையின் சிறுமை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள் தொகை 583,882. கிளிநொச்சியில் 113,510 பேரும், முல்லைத்தீவில் 92,238 பேரும், வவுனியாவில் 172,115 பேரும் வாழ்ந்தனர். வன்னியின் இம்மூன்று மாவட்டங்களையும் ஒன்றுகூட்டினாலும் யாழ்ப்பாணத்தின் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். நிலப்பரப்பிலோ கிளிநொச்சி மாத்திரமே யாழ்ப்பாண மாவட்டத்தினும் பெரியது. குறைந்த மக்கள் பரந்த நிலத்திலே சிதறி வாழும்போது, பாடசாலைக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரம் கூடுகின்றது. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு வயதுப் பிரிவுக்குரிய மாணவர் தொகை குறைகின்றது. யாழ்ப்பாண மாவட்டம் ஐந்து கல்வி வலயங்களாகப் பிரிந்திருக்க, கிளிநொச்சி நெடுங்காலம் ஒரே வலயமாக இருந்தமையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

வரலாற்றின் இடைவெளி இன்னும் ஆழமானது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி, 'வடக்கின் பெருஞ்சமர்' எனப் புகழ்பெற்றது, 1904இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டுக் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது 1936இலாகும். அஃதாவது அப்போட்டிக்கு 32 வயது ஆன பின்னரே இந்நகரம் உருப்பெறத் தொடங்கியது. தனி மாவட்டம் என்ற தகுதி 1984இலேயே கிடைத்தது. பின்னர் வந்தது போர். ஏ-9 வீதி 1990 முதல் 2002 வரையும், மீண்டும் 2006 முதல் 2009 வரையும் மூடப்பட்டிருந்தது. 1996இலும் 2008-09இலும் நகர மக்கள் இடம்பெயர்ந்தனர். பாடசாலைகள் மரநிழல்களிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் நடந்தன. நூறாண்டு கால வெற்றிக் கிண்ணங்களை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் கல்லூரியையும், அலமாரியே மிஞ்சாத கல்லூரியையும் ஒரே தொடக்கக் கோட்டில் நிறுத்திவிட்டு, 'ஓடுங்கள், தூரம் எல்லோருக்கும் சமம்' என்று கூறுவது சமத்துவமன்று.

பல்கலைக்கழக மட்டத்திலும் நிலைமை வேறன்று. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்த வவுனியா வளாகம், 2021 ஓகஸ்ட் 1ஆம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இஃது எல்லோரும் வரவேற்ற வளர்ச்சி. ஆனால் விளையாட்டுக் களத்தில் அதன் பொருள் யாது? அதுவரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவராக எண்ணப்பட்டவர்கள் அன்றிலிருந்து தமக்கெனத் தனி அணிகளை நிறுவ வேண்டியவராயினர். மூன்று பீடங்களைக் கொண்டு தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம், ஒன்பது பீடங்களைக் கொண்ட பேராதனையுடன் அதே சுற்றுப்போட்டியில் அதே எண்ணிக்கையான ஆட்டங்களை ஆட வேண்டும். ஒரு நாள், இரு நாள் ஆட்டமாயின் ஊக்கமும் துணிவும் எண்ணிக்கையை ஈடுசெய்யலாம். பல வாரம் நீளும் போட்டியில் அவை ஈடுசெய்யா.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களின் மாணவர் வேறொரு வகையில் அல்லற்படுகின்றனர். அவர்கள் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்தவர்களே. ஆனால் தாய் வளாகம் உள்ள திருநெல்வேலிக்கும் அவர்களுக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீற்றர் ஏ-9 வீதி கிடக்கின்றது. பொறியியல் மாணவன் ஒருவன் செய்முறை வகுப்பு முடிந்து, அணியோடு சேர்ந்து பயிற்சி பெறுவதற்காக வாரம் இருமுறை சென்று திரும்புகின்றான் எனக் கொள்வோம். ஒரு முறைக்கு 130 கிலோமீற்றர். பத்து வாரப் பருவத்தில் அவன் கடக்கும் தூரம் 2,600 கிலோமீற்றர். பருவம் பதினான்கு வாரமாக நீட்டப்படின் 3,640 கிலோமீற்றர். மேலதிகமான நான்கு வாரங்களும் திருநெல்வேலியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கு நான்கு வாரப் பயிற்சி; அறிவியல் நகர் மாணவனுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர் பயணம். அட்டவணையிலே இரண்டும் ஒரே எண்ணாகவே பதிவாகும்.

நீளும் அட்டவணை சிறிய அணியைத் தாக்கும் வழிகளை இனி வகைப்படுத்தலாம். முதலாவது, மாற்று ஆட்டக்காரர். கூடைப்பந்தாட்டத்தில் களத்தில் நிற்போர் ஐவர்; அணியில் இடம்பெறக்கூடியோர் பன்னிருவர். குறுகிய போட்டியில் சிறந்த ஐவரைக் கொண்ட அணி வெல்லலாம். நீண்ட போட்டியில் பன்னிருவரும் தரமானவராக உள்ள அணியே நிலைக்கும். ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கினால் பெரிய கல்லூரி அடுத்தவனை அனுப்பும். சிறிய கல்லூரி சுளுக்கிய காலுடனேயே அவனை மீண்டும் இறக்கும். இரண்டாவது, செலவு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளின்றிப் பாடசாலைகளே மூடப்பட்டதை நாடு மறந்திருக்க முடியாது. அதன் பின்னர் உயர்ந்த போக்குவரத்துச் செலவு ஒவ்வொரு மேலதிக ஆட்டத்தையும் ஒரு கடன் சுமையாக்கியுள்ளது. பழைய மாணவர் சங்கங்களின் கிளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள கல்லூரிக்கு அது சில மின்னஞ்சல்களால் தீரும் பிரச்சினை. கூலி விவசாயிகளின் பிள்ளைகள் பயிலும் பாடசாலைக்கு அது அதிபரின் சட்டைப் பையிலே முடியும் பிரச்சினை.

மூன்றாவது, பருவகாலம். வன்னியின் வாழ்வு நெல்லோடு பிணைந்தது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழை மைதானங்களைக் குளமாக்குகின்றது. அதனைத் தொடர்ந்து ஆண்டின் தொடக்க மாதங்களில் பெரும்போக அறுவடை. வயலுக்குச் சென்ற பெற்றோருக்குப் பதிலாக வீட்டையும் தம்பி தங்கையரையும் கவனிக்க வேண்டிய மாணவன் மாலைப் பயிற்சிக்கு எவ்வாறு வருவான்? கொழும்பிலோ கண்டியிலோ இருந்து அட்டவணை வரைவோரின் நாட்காட்டியில் அறுவடை என்றொரு மாதம் இல்லை. நான்காவது, ஆசிரியர். பெரிய கல்லூரியில் ஆட்டத்துக்கு ஒரு பயிற்றுநர் உண்டு. சிறிய பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே மெய்வல்லுநர் போட்டிக்கும் வலைப்பந்துக்கும் உதைபந்துக்கும் பொறுப்பாளர். போதாமைக்கு வகுப்பாசிரியரும் அவரே. ஒரு விளையாட்டின் பருவம் நீளும்போது மற்றொன்று கைவிடப்படுகின்றது. பெரும்பாலும் முதலிற் கைவிடப்படுவது பெண் பிள்ளைகளின் அணியே என்பதை வலியுறுத்திக் கூறுதல் அவசியம்.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் கொடியது: நட்புப் போட்டிகளின் அழிவு. வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்னும் படிமுறைப் போட்டிகளில் சிறிய பாடசாலை பெரும்பாலும் முதற் சுற்றிலேயே வெளியேறுகின்றது. ஆண்டு முழுவதற்கும் ஓரிரு ஆட்டங்கள். அதன் வீரர் வளர்வது அவற்றுக்கு வெளியே, ஒரு சனிக்கிழமை மாலை அயலூர்ப் பெரிய கல்லூரி வந்து ஆடும் ஆட்டத்திலேயே. அந்த ஆட்டத்துக்குக் கிண்ணமில்லை, பத்திரிகைச் செய்தியில்லை. ஆனால் தன்னிலும் வல்லவனை எதிர்த்து நாற்பது நிமிடம் ஓடியவன் மறுநாள் வேறொருவனாக எழுகின்றான். பெரிய கல்லூரியின் சனிக்கிழமைகள் யாவும் தம்மையொத்தோரின் நீண்ட சுற்றுப்போட்டிகளால் நிரப்பப்படும்போது இந்த ஆட்டமே முதலில் மறைகின்றது. அதனை எவரும் தடைசெய்வதில்லை. 'நாள் இல்லை' என்ற பணிவான மறுமொழியே போதுமானது.

மறுதரப்பினர் கூறும் வாதங்களையும் ஆராய்தல் முறையாகும். நீண்ட போட்டியே உண்மையான திறமையை வெளிக்கொணரும். ஒரே ஆட்டத்தில் அதிர்ஷ்டம் வெல்லக்கூடும், இருபது ஆட்டங்களில் தகுதியே வெல்லும் என்பது அவர்களது முதல் வாதம். எதன் தகுதி? இருபது ஆட்டங்களில் வெளிப்படுவது ஐவரின் திறமை மாத்திரமன்று. பன்னிருவரின் எண்ணிக்கை, மருத்துவரின் வசதி, போக்குவரத்தின் சௌகரியம், பணப்பையின் கனம் ஆகிய அனைத்துமாகும். அவற்றையும் திறமை என்ற ஒரே பெயரால் அழைப்பது சொல்லை ஏமாற்றுவதாகும். 2018இல் மேரிலாந்து பால்ரிமோர் கவுண்டிப் பல்கலைக்கழகம், தன் பகுதியில் முதலாம் இடம் வழங்கப்பட்ட வேர்ஜினியாவை 74-54 என வென்றது. பதினாறாம் இடத்து அணி முதலாம் இடத்து அணியை ஆண்கள் தேசியச் சுற்றுப்போட்டியில் வென்றது அதுவே முதல் தடவை. இருபது புள்ளி வித்தியாசத்தை அதிர்ஷ்டம் எனத் தள்ளிவிடுவது எங்ஙனம்?

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பர். தோற்கும் அணி அட்டவணையைக் குறைகூறுவது இயல்பே என்பர். பழமொழி அழகானது. ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? ஆடுபவளின் கால் எவ்வளவு தேர்ந்ததாயினும் சரிந்த தரையில் அவள் சறுக்கவே செய்வாள். குறைகூறுபவளை நகைப்பதற்கு முன்னர் ஒரு நீர்மட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்துப் பார்ப்பதே அறிவுடையோர் செயல். மேலே காட்டப்பட்ட தூரங்களும் எண்ணிக்கைகளும் அந்த நீர்மட்டமே.

மூன்றாவதாக, பெரியோரைத் தடுத்துச் சிறியோரை உயர்த்த முடியாது. பெரிய அணிகள் தம்முள் அடிக்கடி மோதினாலன்றி நாட்டின் தரம் உயராது என்பர். பெரியோர் தம்முள் மோத வேண்டாம் என எவரும் கூறவில்லை. வடக்கின் பெருஞ்சமர் போன்ற மரபுகள் ஒரு சமூகத்தின் பெருமைக்குரியனவே. கேட்கப்படுவது இது மாத்திரமே: அந்த மோதல்களால் ஆண்டின் எல்லா நாட்களும் நிரம்ப வேண்டுமா? நாட்டின் தரம் என்பது உச்சியில் நிற்கும் பத்து அணிகளின் தரமா, அன்றி ஆடும் அணிகள் அனைத்தினதும் தரமா? அடிமரம் உலர்ந்த பின்னர் நுனிக் கொம்பு எத்தனை நாள் பசுமையாக நிற்கும்?

சிறியோருக்கு இரங்கி ஆடும் 'அனுதாப ஆட்டங்கள்' எவருக்கும் நன்மை பயக்கா என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வன்னிக்கு வேண்டியது அனுதாபமன்று. அதற்கு வேண்டியது அட்டவணையில் ஓரிடம். அதைவிட முக்கியமாக, அட்டவணையை வரையும் மேசையில் ஓர் ஆசனம்.

இதற்கு முன்மாதிரி தேடி எவரும் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை; கிளிநொச்சி மண்ணிலேயே அது உண்டு. இரணைமடுக் குளம் வட மாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். சிறுபோகத்துக்கு முன்னர் விவசாயிகளும் அலுவலரும் ஒன்றுகூடிக் குளத்திலுள்ள நீரின் அளவை நோக்கி, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது எனத் தீர்மானிக்கின்றனர். நீர் போதாத ஆண்டில் எல்லோரும் முழுமையாக விதைக்க முடியாது, பங்கு பிரிக்கப்படும். வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயற்காரன், நீர் தன் வரம்பைத்தான் முதலில் தொடுகின்றது என்பதற்காக அதனை முழுவதும் தன் வயலுக்கே திருப்பிக்கொள்ள இயலாது. அவ்வாறு திருப்பினால் கடைசி வயல் காயும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்கும் குரலும் அக்கூட்டத்தில் உண்டு. அப்பகிர்வில் பிணக்குகள் இல்லையென்பதன்று. பிணக்குகள் வெளிப்படையாகப் பேசப்படும் ஓர் இடம் உண்டென்பதே முக்கியம். நீரைப் பங்கிடத் தெரிந்த சமூகத்துக்கு நாட்களைப் பங்கிடத் தெரியாதா?

ஆகவே சில கோரிக்கைகள் முன்வைக்கப்படுதல் வேண்டும். எந்தச் சுற்றுப்போட்டியும் நீட்டப்படுவதற்கு முன்னர், அந்நீட்சியால் எந்தெந்த அணிகளின் எத்தனை ஆட்ட நாட்கள் இழக்கப்படும் என்பது கணக்கிடப்பட்டு வெளியிடப்பட வேண்டும். ஒவ்வொரு பெரிய கல்லூரியும் பருவந்தோறும் குறித்த சில நாட்களைச் சிறிய அணிகளுக்கென ஒதுக்க வேண்டும். அவற்றுட் பாதியாவது சிறியோரின் மைதானத்தில் ஆடப்பட வேண்டும். யாழ்ப்பாணத்து அணி கிளிநொச்சிக்கு வரும் தூரமும் கிளிநொச்சி அணி யாழ்ப்பாணம் செல்லும் தூரமும் ஒன்றே என்பதைப் பெரியோரின் கால்களும் ஒருமுறை அளந்து பார்க்கட்டும். பயணச் செலவு பொதுநிதியொன்றிலிருந்து தூரத்துக்கேற்ப வழங்கப்பட வேண்டும். அறுவடைக் காலமும் பெருமழைக் காலமும் அட்டவணையில் இடம்பெற வேண்டும். அறிவியல் நகர் மாணவருக்கென அங்கேயே பயிற்சி நாட்கள் வகுக்கப்பட வேண்டும். அணி முழுவதும் சில வாரங்கள் தெற்கு நோக்கிப் பயணஞ் செய்வதால் திருநெல்வேலி குறைந்துபோய்விடாது.

இக்கோரிக்கைகளை எழுப்பும் கிளிநொச்சி நகரப் பாடசாலைகளுக்கும் ஒரு கடமை உண்டு. யாழ்ப்பாணத்தை நோக்கிச் சிறியதாக நிற்கும் நகரக் கல்லூரி, துணுக்காயின் உட்கிராமத்துப் பாடசாலையை நோக்கிப் பெரியதாக நிற்கின்றது. மேலேயிருந்து மறுக்கப்பட்ட சனிக்கிழமையைக் கீழேயுள்ளவருக்குத் தானும் மறுத்தால், அக்கல்லூரி அநீதியை எதிர்க்கவில்லை. அநீதியில் தனக்கும் ஒரு பங்கு கேட்கின்றது என்பதே பொருள். வாய்க்காலின் நடுவிலுள்ள வயலுக்கும் அதற்கு அப்பாலுள்ள வயலைப் பற்றிய பொறுப்பு உண்டு.

இறுதியாக, இது வெறும் பந்தாட்டப் பிரச்சினை அன்று. எந்தப் பிள்ளை யாருடன் ஆடலாம் என்று தீர்மானிக்கும் அட்டவணை, அப்பிள்ளை தன்னை எவ்வளவு பெரியவனாக எண்ணலாம் என்பதையும் தீர்மானிக்கின்றது. போர் வன்னியின் பிள்ளைகளிடமிருந்து வீதிகளையும் வகுப்பறைகளையும் ஆண்டுகளையும் பறித்தது. அவற்றுட் சில மீண்டும் கட்டப்பட்டுள்ளன. துப்பாக்கியின்றி, சத்தமின்றி, ஒரு தாளும் ஒரு பேனாவும் கொண்டு அவர்களது நாட்கள் மீண்டும் பறிக்கப்படுவதைக் கல்வியுலகம் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது. தோற்பதற்குச் சிறியோர் அஞ்சவில்லை. அவர்கள் கேட்பது, தோற்பதற்காயினும் களத்தில் நிற்கும் உரிமையை. அவ்வுரிமை தரப்படுமாயின், எவன்ஸ்வில் கென்டக்கியில் செய்ததை வட்டக்கச்சியோ அக்கராயனோ ஒருநாள் செய்யாது என எவராலும் உறுதி கூற முடியாது. அந்த ஒரு நாளுக்கு இடம் வைக்காத அட்டவணை, எத்துணை நீளமானதாயினும், குறையுடையதே.